வளைகைப்பிடியும் நேர்கைப்பிடியும்

மனிதன் தன் உடலுழைப்பைக் கொண்டே இயக்கும் ஊர்திகளுள் மிதிவண்டிக்கு ஈடானது பிறிதொன்றில்லை. அதற்குத் தீனியும் வேண்டா, எரிபொருளும் வேண்டா, ஏறியவன் மிதிக்க, இரண்டு சக்கரங்கள் உருள்கின்றன. பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இவ்வூர்தியில் ஒவ்வோர் உறுப்பும் காரணம் பற்றியே அமைந்துள்ளது. மிதிவண்டியும் அதனை ஓட்டுபவனும் ஒன்றையொன்று தொடும் இடங்கள் மூன்றே. அவை இருக்கை, மிதிகட்டை, கைப்பிடி என்பன. இருக்கை உடலைத் தாங்குகிறது. மிதிகட்டை காலின் வலிமையை ஏற்கிறது. கைப்பிடியோ பல தொழில்களைச் செய்கிறது. அது வண்டியைத் திருப்புகிறது. மேலுடலின் பாரத்தில் ஒரு பகுதியைச் சுமக்கிறது. பிரேக்குகளின் பிடிகளைத் தாங்கி நிற்கிறது. ஓட்டுபவன் எவ்வளவு குனிந்திருத்தல் வேண்டும் என்பதையும் வரையறுக்கிறது. இத்துணைத் தொழில்களும் ஒரு குழாயின் வளைவைப் பொறுத்து நிற்பதால், அவ்வளைவு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்னும் வினா சிறிய வினா அன்று.

சாலையில் நெடுந்தொலைவு செல்ல விரும்பி மிதிவண்டி வாங்கச் செல்லும் இளைஞன் கடையில் இருவகை வண்டிகளைக் காண்கின்றான். ஒன்றன் கைப்பிடி இடமும் வலமும் நேராக நீண்டு நிற்கும். மற்றொன்றன் கைப்பிடி சிறிது தொலைவு நேராகச் சென்று, முன்னோக்கித் திரும்பி, ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலக் கீழ்நோக்கி வளைந்து பின்வாங்கும். முன்னதனை நேர்கைப்பிடி என்றும், பின்னதனை வளைகைப்பிடி என்றும் இங்குக் குறிப்போம். பந்தய வீரர் வளைகைப்பிடியைப் பற்றிப் பாயும் படங்களைக் கண்டு, அதுவே வேகத்திற்கு வழி என்று சிலர் கருதுவர். குனிந்தால் முதுகு கெடும் என்று அஞ்சி, நேர்கைப்பிடியே நன்று எனச் சிலர் கூறுவர். இரண்டும் முழு உண்மை அல்ல. ஒருமுறை வாங்கிய வண்டி பல ஆண்டுகள் உழைக்க வேண்டியது. பொருந்தாத கைப்பிடி நாள்தோறும் கையையும் கழுத்தையும் வருத்தும். நெருக்கடியான நேரத்தில் பிரேக்கு எட்டாமற்போனால் உயிருக்கும் ஊறு விளைக்கும். ஆதலின், இவற்றின் இயல்பை ஆராய்ந்தறிதல் கடனாகும்.

முதலில் கைப்பிடியின் வரலாற்றைக் காண்போம். செருமானிய நாட்டினரான கார்ல் வான் டிரைஸ் என்பார் 1817-ஆம் ஆண்டில் மான்ஹைம் நகரில் இரண்டு சக்கரங்களை உடைய மரவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகட்டை இல்லை. காலால் நிலத்தை உந்தியே செல்லுதல் வேண்டும். ஆயினும், முன்சக்கரத்தைத் திருப்புதற்கு ஒரு தண்டு அதில் இருந்தது. கையை ஊன்றிக்கொள்வதற்குத் தனியே ஒரு பலகையும் இருந்தது. இரண்டு சக்கரங்கள்மேல் விழாமல் செல்வதற்குத் திருப்புங்கருவி இன்றியமையாதது என்பதை அம்முதல் வண்டியே உணர்த்திவிட்டது. விழும் பக்கம் நோக்கிச் சக்கரத்தைச் சிறிது திருப்பினால் வண்டி நிமிரும். ஓட்டத் தெரிந்த ஒவ்வொருவரும் இதனை நினையாமலே செய்கின்றனர்.

1860-களில் பிரான்சு நாட்டில் முன்சக்கரத்தோடு மிதிகட்டை பொருத்தப்பெற்றது. பின்னர் விரைவை விரும்பி முன்சக்கரத்தை மேன்மேலும் பெரிதாக்கினர். 1870-களில் இங்கிலாந்தில் பெருவழக்காய் இருந்த அந்த உயர்சக்கர வண்டியில், ஓட்டுபவனுடைய இருக்கை ஏறத்தாழ ஆள் மட்டத்திற்கு உயர்ந்திருந்தது. வழியில் ஒரு கல் தடுத்தாலும் அவன் தலைகீழாக முன்னே வீழ்வான். அவ்வாறு வீழும்போது, தொடைக்கு மேலே குறுக்கே நின்ற கைப்பிடி அவன் கால்களைத் தடுத்துக்கொள்ளும். அதனால் தலையே முதலில் தரையில் மோதும். இதற்கு அஞ்சிச் சிலர் கைப்பிடியை வளைத்துத் தொடைக்குப் பின்புறமாகக் கொண்டுவந்தனர். இறக்கத்தில் செல்லும்போது கால்களைத் தூக்கிக் கைப்பிடிக்கு முன்னே போட்டுக்கொண்டவரும் உண்டு. கைப்பிடியின் வடிவம் உயிரைக் காத்தற்கும் உரியது என்பதை மக்கள் அக்காலத்திலேயே கண்டனர்.

1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் காவன்டிரி நகரத்தவரான சான் கெம்ப் ஸ்டார்லி என்பார் 'ரோவர்' என்னும் வண்டியை உருவாக்கினார். சக்கரங்கள் ஏறத்தாழ ஒத்த அளவினவாய், பின்சக்கரம் சங்கிலியால் சுழலுமாறு அமைந்த அவ்வண்டியே இன்றைய மிதிவண்டியின் மூதாதை எனலாம். 1888-இல் சான் பாய்டு டன்லப் என்பார் காற்றடைத்த டயரைக் கொணர்ந்தார். தாழ்ந்த இருக்கை, சங்கிலி, காற்று டயர் ஆகிய மூன்றும் கூடியபின் வேகம் மிகுந்தது. வேகம் மிகவே, அதுவரை பெரிதாகத் தோன்றாத பகை ஒன்று முன்னே வந்து நின்றது. அதுவே காற்று.

காற்றின் தடையைப் பற்றி ஒரு கணக்கை அறிதல் வேண்டும். வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்லச் செலவிடும் ஆற்றல் எட்டு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் 30 கிலோமீட்டர் வேகத்தை விரும்பினால், காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு ஆற்றலைச் செலுத்துதல் வேண்டும். சமநிலத்தில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்பவனுடைய உழைப்பில் மிகப் பெரும்பகுதியைக் காற்றே கொள்ளை கொள்கிறது. அத்தடையை மிகுதியாக உண்டாக்குவது வண்டி அன்று, ஓட்டுபவனுடைய உடலே. நிமிர்ந்த மார்பு காற்றுக்கு விரித்த பாய்போல் ஆகிறது. மார்பைத் தாழ்த்தித் தோளை ஒடுக்கினால் அப்பாய் சுருங்குகிறது. ஆகவே, பந்தய வீரர்கள் குனியத் தொடங்கினர். குனிந்த உடலுக்கு ஏற்பக் கைகளும் தாழ வேண்டியதாயின. 1890-களின் பந்தயப் படங்களிலேயே கீழ்நோக்கி வளைந்த கைப்பிடிகளைக் காணலாம்.

கைகளின் இடம் சிறிது மாறுவதால் விளையும் பயனை மிதிவண்டிப் பந்தய வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1989-ஆம் ஆண்டு 'டூர் டி பிரான்சு' பந்தயத்தின் இறுதி நாளன்று பிரெஞ்சு வீரர் லோரன் ஃபின்யோன் முன்னணியில் இருந்தார். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டு 50 விநாடி பின்தங்கியிருந்தார். எஞ்சியிருந்தது வெர்சாய் முதல் பாரிசு வரை 24.5 கிலோமீட்டர் தொலைவே. ஒவ்வொருவரும் தனித்தனியே ஓடிக் காலத்தோடு போட்டியிட வேண்டிய பகுதி அது. லெமாண்டு தம் வண்டியில் முன்னோக்கி நீண்ட கைத்தாங்கி ஒன்றைப் பொருத்தி, முழங்கைகளை அதன்மேல் ஊன்றி, இரு கைகளையும் நெருக்கி நீட்டிக் குனிந்து ஓட்டினார். காற்றைக் கிழிக்கும் வடிவுடைய தலைக்கவசமும் அணிந்திருந்தார். ஃபின்யோனிடம் அவ்விரண்டும் இல்லை. மூன்று வாரங்கள் நடந்த அப்பந்தயத்தை முடிவில் லெமாண்டு 8 விநாடி முன்னிலையில் வென்றார். அப்பந்தயத்தின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வேறுபாடு அதுவே.

இதனினும் வியப்பானது ஒருமணிநேரச் சாதனையின் வரலாறு. ஒரு மணி நேரத்தில் ஒருவர் தனியே எவ்வளவு தொலைவு ஓட்டமுடியும் என்று அளப்பதே அது. பெல்சிய வீரர் எடி மெர்க்சு 1972-இல் மெக்சிகோ நகரில் வளைகைப்பிடி பொருத்திய வண்டியில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். இங்கிலாந்து வீரர் கிறிசு போர்டுமன் 1996-இல் கைகளை முன்னே நேராக நீட்டிய நிலையில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். பின்னர், மெர்க்சு பயன்படுத்தியதை ஒத்த பழைய வகை வண்டியில் ஓட்டுவதே சாதனைக்கு உரியது என்று அனைத்துலக மிதிவண்டிச் சங்கம் விதித்தது. அவ்விதிப்படி அதே போர்டுமன் 2000-ஆம் ஆண்டில் மீண்டும் முயன்றபோது அவரால் ஓட்ட முடிந்த தொலைவு 49.441 கிலோமீட்டர்; மெர்க்சைக் காட்டிலும் 10 மீட்டரே மிகுதி! நான்காண்டு வயது கூடியதும், சக்கரமும் சட்டமும் மாறியதும் இவ்வேறுபாட்டிற்கு ஓரளவு காரணமாகும். எனினும், உடலும் கையும் அமைந்த நிலையே தலையாய காரணம் என்பதில் ஐயமில்லை.

இவற்றைக் கொண்டு, வளைகைப்பிடியே எவர்க்கும் ஏற்றது என முடிவு செய்துவிடலாமோ? ஆகாது. வீரர்தம் கணக்கு வேறு. வழிப்போக்கர்தம் கணக்கு வேறு. காற்றின் தடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதே உழைப்பில் வேகம் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று வீதம் கூடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 60 கிலோமீட்டர் செல்பவனுக்கு இதனால் மூன்று நான்கு நிமிடம் மிஞ்சும். பந்தயத்தில் அஃது ஒரு பெருஞ்செல்வம். ஆனால், 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கோ கடைத்தெருவிற்கோ மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவனுக்கு அரை நிமிடமும் மிஞ்சாது. அந்த அரை நிமிடத்தை நாற்சந்தியில் நிற்கும் காத்திருப்பே விழுங்கிவிடும்.

வளைகைப்பிடியின் மற்றொரு சிறப்பு, பலர் நினையாதது. அது ஒரே பிடியன்று. மூன்று பிடிகளின் தொகுதி. மேலே குறுக்காகச் செல்லும் பகுதியைப் பிடித்தால் உடல் ஓரளவு நிமிரும். மேடு ஏறும்போது மூச்சு வாங்குவதற்கு அஃது உதவும். பிரேக்கு பொருத்தப்பெற்ற முன்முகப்பைப் பிடித்தால் உடல் நடுத்தரமாகக் குனியும். சாலையில் பெரும்பாலான நேரம் கைகள் தங்குமிடம் அதுவே. கீழ்வளைவைப் பிடித்தால் உடல் நன்கு தாழும். எதிர்காற்றிலும் இறக்கத்திலும் அது பயன்படும். பாரிசிலிருந்து பிரெசுட்டு சென்று மீண்டும் பாரிசுக்குத் திரும்பும் நெடும்பயணம் 1891-இல் பந்தயமாகத் தொடங்கியது. இன்று அது பந்தயமாக அன்றி, 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்திற்குள் கடக்கும் பயணமாக நான்காண்டிற்கு ஒருமுறை நடைபெறுகிறது. அங்கு வருவோருள் மிகப் பலர் வளைகைப்பிடியையே விரும்புவதற்கு வேகத்தினும் இவ்வசதியே காரணம்.

ஏன் கையை இடம் மாற்றல் வேண்டும்? இதற்கு விடை உடலமைப்பில் உள்ளது. முழங்கையின் உட்புறம் எங்கேனும் இடித்துக்கொண்டால் சுரீரென்று விரல்வரை ஓடும் உணர்ச்சியை யாவரும் அறிவர். அவ்வுணர்ச்சிக்கு உரிய நரம்பை மருத்துவர் அல்நார் நரம்பு என்பர். அது மணிக்கட்டைக் கடந்து உள்ளங்கையின் வெளியோரத்தில் ஒடுங்கிய வழியொன்றில் சென்று, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சி தருகிறது. கைப்பிடியின்மேல் உள்ளங்கையை ஒரே இடத்தில் மணிக்கணக்காக ஊன்றினால் அந்நரம்பு நசுங்கும். முதலில் அவ்விரல்கள் மரத்துப்போகும். அதனைப் பொருட்படுத்தாது நாள்தோறும் ஓட்டினால் விரல்களின் வலிமையே குன்றும். பேனாவைப் பிடிப்பதும் பொத்தானை இடுவதும் அரிதாகும். மிதிவண்டியாளர்க்கு வரும் இந்நோயை மருத்துவ நூல்கள் தனியே குறித்துள்ளன. கையை அடிக்கடி இடம் மாற்றுதலும், மணிக்கட்டை மடியாமல் நேராக வைத்தலும், மெத்தையுடைய கையுறை அணிதலும் இதனைத் தடுக்கும் வழிகளாம்.

இன்னும் ஒன்று காண்க. ஒருவன் கைகளைத் தளர்த்தி இயல்பாகத் தொங்கவிட்டால் உள்ளங்கைகள் தொடையை நோக்கி நிற்கும். பின்னோக்கி முழுதும் திரும்பி நில்லா. வளைகைப்பிடியின் முகப்பைப் பற்றும்போது உள்ளங்கைகள் ஒன்றையொன்று நோக்குகின்றன. இஃது அவ்வியல்பான நிலைக்கு அணித்தானது. நேர்கைப்பிடியைப் பற்றும்போது உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்புகிறது, முன்கை முறுக்குண்கிறது. குறுந்தொலைவில் இது தெரியாது. நெடுந்தொலைவில் தோளும் மணிக்கட்டும் இதனை உணரும். இதனால்தான் நேர்கைப்பிடியில் நெடுவழி செல்வோர் அதன் இருமுனைகளிலும் முன்னோக்கிய சிறு கொம்புகளைப் பொருத்திக்கொள்வதுண்டு. முனைகள் சிறிது பின்னோக்கி வளைந்த நேர்கைப்பிடியும் இக்குறையைக் குறைக்கும்.

இனி நேர்கைப்பிடியின் சிறப்பைக் காண்போம். அது பெரும்பாலும் அகலமானது. சாலை வண்டியின் நேர்கைப்பிடி 60 சென்டிமீட்டரளவு இருக்கும். வளைகைப்பிடி தோளின் அகலத்திற்கு ஏற்ப 38 முதல் 44 சென்டிமீட்டர் வரை இருக்கும். நெம்புகோலின் இயல்பை அறிந்தவர் இதன் பயனை உணர்வர். 60 சென்டிமீட்டர்க் கைப்பிடியின் நடுவிலிருந்து கை 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. 42 சென்டிமீட்டர்க் கைப்பிடியில் 21 சென்டிமீட்டரே உள்ளது. ஆகவே, சக்கரத்தைத் திருப்ப முன்னதற்கு 7 பங்கு விசை வேண்டுமாயின், பின்னதற்கு 10 பங்கு வேண்டும். அன்றியும், கை சிறிது நடுங்கினாலும் அகன்ற கைப்பிடியில் சக்கரம் குறைவாகவே திரும்பும். குழியும் கல்லும் மணலும் நிறைந்த வழியில், சக்கரத்தைத் தன் வயப்படுத்தி வைத்திருக்க இஃது உதவுகிறது.

இவ்வுண்மையை மலைச்சரிவுகளே மெய்ப்பித்தன. 1970-களில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மரின் வட்டாரத்து இளைஞர் சிலர், தடித்த டயர்களை உடைய பழைய வண்டிகளில் மலைப்பாதையின் செங்குத்தான இறக்கங்களில் ஓட்டிப் போட்டியிட்டனர். ஓர் ஓட்டம் முடிவதற்குள் பின்சக்கரத்துப் பிரேக்கின் உள்ளிருந்த மசகு எரிந்து புகையும். மீண்டும் மசகு நிறைத்தால்தான் அடுத்த ஓட்டம். அங்கே கீழே குனிந்து வளைவைப் பற்றுவோன் தலைக்குப்புற வீழ்வான். அகன்ற நேர்கைப்பிடியைப் பற்றி, உடலைப் பின்னே தள்ளி, விரலைப் பிரேக்கின்மேல் வைத்திருப்பவனே கீழே நலமாகச் சேர்வான். அவ்விளையாட்டிலிருந்தே மலைமிதிவண்டி பிறந்தது. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்குப் போட்டியில் அஃது இடம்பெற்றது. இன்றும் மலைவண்டிகளில் 74 முதல் 80 சென்டிமீட்டர் அகலமுள்ள கைப்பிடிகள் வழக்கில் உள்ளன.

நேர்கைப்பிடியில் பிரேக்கு எப்பொழுதும் விரல்நுனியில் இருக்கும். தலை நிமிர்ந்திருப்பதால் பார்வை நெடுந்தூரம் செல்லும்; திரும்பிப் பார்ப்பதும் எளிது. மாடும் மனிதரும் பேருந்தும் நெருங்கும் தெருவில் இவை பெரும்பயன் தருவன. வளைகைப்பிடியில் முகப்பையோ கீழ்வளைவையோ பற்றியிருந்தால் பிரேக்கு எட்டும்; மேற்குறுக்கைப் பற்றியிருந்தால் எட்டாது. கையை இடம்பெயர்த்து அழுத்துவதற்குள் வண்டி பல மீட்டர் உருண்டுவிடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடியில் வண்டி கடக்கும் தொலைவு எட்டு மீட்டருக்கு மேல் ஆகும். கை பிரேக்கை விட்டு நீங்குவது எத்துணைத் தீங்கு என்பதை உணர்ந்தே, முன்கைகளைக் கைப்பிடியின்மேல் கிடத்தி ஓட்டுவதை அனைத்துலக மிதிவண்டிச் சங்கம் 2021-இல் சாலைப் பந்தயங்களில் தடைசெய்தது. தேர்ந்த வீரர்க்கே அவ்விதி வேண்டியதாயின், புதிதாகப் பழகுவோர்க்குக் கூற வேண்டுவதில்லை.

பழைய வளைகைப்பிடி வண்டிகளில் கியர் மாற்றும் நெம்புகோல் சட்டத்தின் கீழ்க்குழாயில் இருந்தது. அதனை இயக்க ஒரு கையை விட்டுக் குனிதல் வேண்டும். 1990-ஆம் ஆண்டளவில் பிரேக்கையும் கியரையும் ஒரே பிடியில் இணைக்கும் அமைப்பைச் சப்பானிய நிறுவனமாகிய சிமானோ வழங்கியது. அதன்பின் கையை எடுக்காமலே இரண்டையும் இயக்க முடிந்தது. வளைகைப்பிடியின் பெருங்குறை ஒன்று இவ்வாறு நீங்கியது. ஆயினும், அவ்விணைப்புப் பிடிகள் விலை மிகுந்தவை; பழுதானால் சீர்செய்வதும் எளிதன்று. நேர்கைப்பிடியின் பிரேக்குப் பிடிகளும் கியர் மாற்றிகளும் தனித்தனியாக உள்ளமையால், ஒன்று கெட்டால் அதனை மட்டும் மாற்றலாம்.

கரடுமுரடான வழிக்கு வளைகைப்பிடி சிறிதும் ஆகாது என்று கொள்ளுதலும் தவறு. பிரான்சில் 1896-இல் தொடங்கிய பாரிசு–ரூபே பந்தயத்தில் கல் பாவிய பழைய வழிகளில் 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டியுள்ளது. ஒவ்வொரு கல்லும் வண்டியைத் தூக்கியெறியும் அவ்வழியிலும் வீரர் வளைகைப்பிடியையே பற்றிச் செல்கின்றனர். எனினும், அவர்கள் அதனை இறுகப் பிடிப்பதில்லை. முழங்கையை மடக்கி, விரலைத் தளர்த்தி, வண்டி தன் போக்கில் துள்ளுமாறு விடுகின்றனர். கைப்பிடிமேல் நாடாவைத் தடிப்பாகச் சுற்றிக்கொள்வோரும் உளர். கருவியின் குறையைப் பயிற்சி ஓரளவு நிரப்பும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. அவ்வாறே, நேர்கைப்பிடியைப் பற்றியவனும் முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்தினால் காற்றின் தடையை ஓரளவு குறைக்கலாம். நெடுநேரம் அந்நிலையில் இருத்தல் மட்டுமே அரிது.

குனிவதால் முதுகு கெடும் என்னும் அச்சமும் ஆராயத்தக்கது. முதுகையும் கழுத்தையும் வருத்துவது பெரும்பாலும் கைப்பிடியின் வடிவம் அன்று. அதன் உயரமும் தொலைவுமே. கைப்பிடி மிகத் தாழ்ந்தோ மிகத் தொலைவிலோ இருந்தால், எவ்வடிவினதாயினும் துன்பமே தரும். பந்தய வீரனைப் போலத் தாழ்வாக அமைத்துக்கொண்டு, கீழ்வளைவை ஒருநாளும் தொடாமல் மேற்குறுக்கை மட்டுமே பற்றி ஓட்டுவோர் உளர். அவர்க்கு வளைகைப்பிடியால் வரும் பயனில் பாதியும் இல்லை. பிரேக்கும் கைக்கு எட்டுவதில்லை. இருக்கையில் அமர்ந்து கைப்பிடியைப் பற்றும்போது முழங்கை சிறிது மடிந்திருத்தல் வேண்டும். தோள் காதை நோக்கி உயர்தல் கூடாது. உள்ளங்கையில் பெரும்பாரம் விழுதல் கூடாது. இவை பொருந்தினால் இருவகைக் கைப்பிடியும் உடலுக்கு நல்லனவே.

வாங்கியபின் ஒன்றை நீக்கி மற்றொன்றைப் பொருத்திக்கொள்ளலாமே எனச் சிலர் எண்ணுவர். அது தோன்றுவதுபோல் எளிதன்று. நேர்கைப்பிடியில் கைபற்றும் குழாயின் குறுக்களவு 22.2 மில்லிமீட்டர், வளைகைப்பிடியில் 23.8 மில்லிமீட்டர். ஆதலின், ஒன்றன் பிரேக்குப் பிடி மற்றொன்றில் பொருந்தாது. பிரேக்குக் கம்பியை இழுக்கும் அளவும் வேறுபடலாம். அன்றியும், நேர்கைப்பிடிக்கென அமைந்த சட்டம் நீளமாக இருக்கும். அதில் முன்னோக்கி நீளும் வளைகைப்பிடியைப் பொருத்தினால், கை எட்டாமல் உடல் இழுபட்டு வருந்தும். இவ்வாறு மாற்றும் செலவு சில வேளைகளில் வண்டியின் விலையில் பெரும்பகுதியை எட்டிவிடும். முன்னரே ஆராய்ந்து தெரிதல் சிக்கனத்திற்கும் வழியாம்.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று நம் ஊர்த்தெருக்களில் நெடுங்காலமாக உழைத்து வருகிறது. பால்கலங்களையும் மூட்டைகளையும் சுமந்து செல்லும் உறுதியான வண்டியில் கைப்பிடி பின்னோக்கி ஓட்டுபவனிடம் வளைந்து வரும். அவன் நேராக நிமிர்ந்து அமர்ந்து, மெல்ல மிதித்துச் செல்வான். வேகம் அவனுக்கு வேண்டுவதில்லை. பாரம் சாயாமல் ஊர் சேர்தலே வேண்டும். அத்தொழிலுக்கு அக்கைப்பிடியே தக்கது. அதனைப் பழமை என்று இகழ்வோர், கருவியை நோக்குகின்றனரேயன்றி அதன் தொழிலை நோக்குகின்றிலர்.

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். செப்பனிட்ட சாலையில் ஒருமுறைக்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு மேல் ஓட்டுபவர்க்கும், எதிர்காற்றை அடிக்கடி எதிர்கொள்பவர்க்கும், குழுவாக விரைந்து செல்பவர்க்கும் வளைகைப்பிடி பொருந்தும். குழுவில் செல்வோர்க்குக் கைப்பிடி குறுகியிருத்தல் வேண்டும். அகன்றிருந்தால் அடுத்த வண்டியின் கைப்பிடியோடு சிக்கிக்கொள்ளும். குறுந்தொலைவு செல்பவர்க்கும், நெருக்கடியான தெருக்களில் அடிக்கடி நின்று செல்பவர்க்கும், குழிகள் நிறைந்த வழியில் செல்பவர்க்கும், புதிதாகப் பழகுவோர்க்கும் நேர்கைப்பிடி நன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட தேவையுடையோர், இரு வண்டிகளையும் சிறிது தொலைவேனும் ஓட்டிப் பார்த்து, மணிக்கட்டும் தோளும் கூறுவதைக் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

பந்தய வீரன் எட்டு விநாடிக்காகக் கைகளை ஒடுக்கினான். மலைச்சரிவில் இறங்கியவன் உயிருக்காகக் கைகளை அகற்றினான். இருவர் செய்ததும் அறிவுடைமையே. ஒருவன் கைப்பிடியை மற்றவன் பற்றியிருந்தால் இருவரும் தோற்றிருப்பர். ஆதலின், பிறர் வண்டியின் அழகைக் கண்டு மயங்காமல், தான் செல்லும் வழி யாது, தொலைவு எவ்வளவு, தன் உடல் எத்தகையது என்னும் மூன்றையும் அளந்து, பின்னரே கைப்பிடியைத் தேர்தல் வேண்டும். அவ்வாறு தேர்ந்தவனுடைய கைகள் பயணத்தின் முடிவிலும் களைப்பின்றி இருக்கும். இடையூறு நேருங்கால் அவன் விரல் பிரேக்கின்மேல் இருக்கும்.